முதல் கதை எங்கே போக வேண்டும்

மணப்பாட்டில் என்னைத் தேடி வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அண்ணாச்சி, ஒரு கதை எழுதியிருக்கேன். எங்க அனுப்பலாம்?" பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "நீ எந்தப் பத்திரிகைய விடாம வாசிக்க?" இதற்கு உடனே பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு. அப்படிச் சொன்னவர்களின் கதை கொஞ்சம் முன்னே பின்னே அச்சில் வந்துவிட்டதையும் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஒரு வார இதழிலும் பிறகு ஒரு மாத இதழிலும் உதவி ஆசிரியராக இருந்து, தபாலில் வந்த கதைகளைப் பிரித்துப் படிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். என் கதைகளும் அதே தபாலில் போய் அதே தபாலில் திரும்பி வந்தவைதான். அனுப்புகிறவனாகவும் தேர்ந்தெடுக்கிறவனாகவும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. கதை திரும்பி வருவதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் கதைக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டவன் சோர்ந்துபோக மாட்டான்.

நான் எழுதத் தொடங்கிய எழுபதுகளில் எங்கள் ஊருக்கு வார, மாத இதழ்கள் திருச்செந்தூர் பஸ்ஸில் வரும். ஆனந்த விகடன், குமுதம், கல்கி, கலைமகள் எல்லாம் வசதியுள்ள வீடுகளில் வாங்குவார்கள். கொழும்பிலும் ஆலப்புழையிலும் வியாபாரம் செய்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள் அவை. ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே வாசித்து முடித்த பிறகுதான் இதழ் பழைய பேப்பருக்குப் போகும். இதழின் கடைசிப் பக்கங்களில் எங்காவது பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும். தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை இல்லாத கதைகளைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்பது அதன் சாரம். எழுத்தாளராக விரும்பிய எங்களுக்கு அதுதான் முதல் பாடப்புத்தகம்.

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். இடப்பக்கம் தாராளமாக இடம் விட வேண்டும், ஏனென்றால் ஆசிரியர் திருத்தங்களையும் அச்சுக்கோப்பவருக்கான குறிப்புகளையும் அங்கேதான் எழுதுவார். ஒவ்வொரு தாளிலும் பக்க எண் வேண்டும். பெயரும் முழு முகவரியும் கதையின் கடைசித் தாளில் இருக்க வேண்டும், உறையின் மேல் மட்டும் எழுதினால் போதாது. உறையைக் கிழித்ததும் அது குப்பைக்கூடைக்குப் போய்விடும். பெயர் இல்லாத நல்ல கதைகள் எங்கள் அலுவலகத்தில் கேட்பாரில்லாமல் கிடந்திருக்கின்றன. யாருக்குச் சன்மானம் அனுப்புவது, சொந்தக் கதைதான் என்று யாரிடம் உறுதிமொழி கேட்பது என்று தெரியாமல் அவற்றைப் போட முடியாது. கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்துக்கொள்வதும் அவசியம். தபாலில் தொலைந்த கதையை நினைவிலிருந்து மறுபடி எழுதினால் வேறொரு கதைதான் வரும்.

சென்னைக்குப் போய் வேலையில் சேர்ந்த பிறகு மறுபக்கம் தெரிந்தது. காலைத் தபால் வந்ததும் உறைகளைப் பிரித்துக் கதை, கவிதை, துணுக்கு, வாசகர் கடிதம் என்று பிரித்து வைப்போம். கதைகள் உதவி ஆசிரியர்களிடம் வரும். நாங்கள் மூன்று கட்டாக அடுக்குவோம். ஆசிரியர் பார்க்க வேண்டியவை ஒன்று, இன்னொரு முறை படிக்க வேண்டியவை ஒன்று, திருப்ப வேண்டியவை ஒன்று. ஆசிரியர் பார்த்துத் தேர்ந்தெடுத்தது ஓவியரிடம் போகும். படம் வந்த பிறகு பக்க அமைப்பு, மெய்ப்பு, அச்சு. வாரத்துக்கு 2 கதை போடும் இதழில் ஆண்டுக்கு 104 இடம்தான். அதிலும் தெரிந்த பெயர்களிடம் கேட்டு வாங்கும் கதைகள் உண்டு, போட்டியில் பரிசு பெற்றவை உண்டு. புதியவருக்கு மிஞ்சுவது சில இடங்கள்தான்.

அந்தச் சில இடங்களுக்குள்ளும் எத்தனையோ குறுக்கீடுகள் வரும். கடைசி நேரத்தில் முழுப் பக்க விளம்பரம் வந்துவிட்டால் கதை அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும். இரண்டு மூன்று தடவை தள்ளிப்போன கதை, பொங்கலைப் பற்றியதாக இருந்தால் பங்குனியில் பயன்படாமல் போய்விடும். போன மாதம்தான் ஒரு மாமியார் மருமகள் கதை வந்திருக்கும், அதைவிட நல்ல இன்னொன்று இன்று வந்து நிற்கும். அதையும் திருப்ப வேண்டியதுதான். தீபாவளி மலரின் வேலை ஆடியிலேயே தொடங்கிவிடும். ஐப்பசியில் வரும் மலருக்குப் புரட்டாசிக் கடைசியில் கதை அனுப்புகிறவர்கள் ஆண்டுதோறும் இருந்தார்கள். நல்ல கதைகளாகவே இருந்தாலும் அப்போது மலர் அச்சகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். திருப்பி அனுப்பும்போது எல்லாருக்கும் ஒரே அச்சிட்ட சீட்டுத்தான். பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று சொல்லும் அந்தச் சீட்டில் விளம்பரம் வந்த கதையோ ஓவியருக்குக் காய்ச்சல் வந்த கதையோ இருக்காது. ஊரில் அதைப் பிரித்துப் பார்க்கிறவர் தன் எழுத்தைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு பேனாவை மூடி வைப்பார். அப்படி எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறாது.

கதைக்குள்ளேயே இருக்கும் காரணங்களையும் சொல்ல வேண்டும். முதன்முதலாக அனுப்பப்படும் கதைகளில் பெரும்பாலானவை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கும். முதல் இரண்டு பக்கங்களில் சூரியன் உதிக்கும், பறவைகள் பாடும், கதாநாயகன் பல் துலக்குவான், அவனுடைய குடும்ப வரலாறு முழுவதும் வரும். அந்த இரண்டு தாளையும் எடுத்துவிட்டுப் படித்தால் கதை நன்றாக நிற்கும். நான் பல கதைகளை அப்படித்தான் ஆசிரியர் பார்வைக்கு அனுப்பினேன். முடிவிலும் இதே சங்கடம் வரும். கதை முடிந்த பிறகும் அதன் நீதியை விளக்க ஒரு பத்தி நீளும். வாசகர் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை ஓர் எழுத்தாளருக்கு வர நாளாகும். அது வந்துவிட்ட கதையை முதல் பக்கத்திலேயே அடையாளம் காண முடியும்.

எங்கள் கடலில் சாளைக்கு ஒரு வலை, சீலாவுக்கு ஒரு வலை. கண்ணியின் அளவு தெரியாமல் யாரும் வலை எடுத்துப் போவதில்லை. பத்திரிகைகளும் அப்படித்தான். வார இதழுக்கு நான்கு பக்கத்தில் முடிகிற, சட்டென்று பிடித்துக்கொள்கிற கதை வேண்டும். பிற்பாடு ஒரு பக்கக் கதை வந்து அந்த நான்கு பக்கத்தையும் சுருக்கியது. நிதானமாக நகர்கிற, பாதியில் நிறுத்திவிட்டு யோசிக்க வைக்கிற கதைக்குச் சிற்றிதழும் இலக்கிய மாத இதழும்தான் இடம். 1965இல் தொடங்கிய தீபம், கணையாழி, அதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்த தாமரை, 1970இல் வந்த செம்மலர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருந்தது. தொழிற்சங்கக்காரர் வாசிக்கும் இதழுக்கும் தில்லியில் வேலை பார்க்கும் தமிழர்கள் நடத்தும் இதழுக்கும் ஒரே கதையை அனுப்பிவிட்டு இரண்டும் திருப்பிவிட்டன என்று வருந்துவதில் பொருளில்லை. ஆறு மாத இதழ்களை வரிசையாக வாசித்தால் அந்த ஆசிரியரின் விருப்பு வெறுப்பு தெரிந்துவிடும். அதைவிடச் சிறந்த வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

சிற்றிதழ்கள் சன்மானம் தர மாட்டா. சில நூறு பிரதிகள்தான் அச்சாகும். ஆசிரியரின் சம்பளத்திலோ மனைவியின் நகையிலோதான் அடுத்த இதழ் வரும். ஆனால் அந்தச் சில நூறு பேரும் எழுத்தை உயிராக மதிக்கிறவர்கள். எங்கள் மாவட்டமே அதற்குச் சான்று. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சின்னக் கிராமம். அங்கே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி. ராஜநாராயணனின் முதல் கதை விஜயபாஸ்கரன் நடத்திய சரஸ்வதி இதழில் 1958இல் வந்தது. அப்போது அவர் முப்பது வயதைத் தாண்டியிருந்தார். கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதே ஊர்க்காரரும் பால்ய நண்பருமான கு. அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970ஆம் ஆண்டில் அந்த விருது கிடைத்திருந்தது. கோவில்பட்டி வட்டாரத்திலிருந்தே பூமணியும் சோ. தர்மனும் வந்தார்கள். கோணங்கி அங்கிருந்துதான் கல்குதிரை என்ற சிற்றிதழைக் கொண்டுவந்தார். சென்னையில் இருந்தால்தான் எழுத்தாளராக முடியும் என்று சொல்கிற பிள்ளைகளுக்கு இந்த வரிசையைச் சொல்லிக் காட்டுவேன். இவர்களில் பலரின் எழுத்து ஊரிலிருந்து தபாலில்தான் போனது.

புதியவருக்குக் கை கொடுத்த இன்னொரு ஏற்பாட்டை இங்கே நினைவுகூர வேண்டும். சென்னையில் 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளை வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ஆண்டு முடிவில் அந்தக் கதைகள் ஒரு தொகுப்பாக வரும். கதையின் தகுதியைப் பார்த்தார்கள், எழுதியவரின் பெயரைப் பார்க்கவில்லை. எங்கோ ஒரு மாத இதழில் முதல் கதை எழுதிய ஆசிரியையோ மின்வாரிய ஊழியரோ ஒரே மாதத்தில் தமிழகம் முழுவதும் தெரிந்தவராகிவிடுவார். அந்த முடிவு வரும் நாளில் எங்கள் அலுவலகத்திலும் பரபரப்பாக இருக்கும். நாங்கள் தபாலிலிருந்து எடுத்துக் கொடுத்த கதை தேர்வானால் அன்றைக்கு அந்த உதவி ஆசிரியர் எல்லாருக்கும் காப்பி வாங்கித் தருவார்.

கடற்கரையிலிருந்து வந்த கதைகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். 1977இல் வண்ணநிலவனின் கடல்புரத்தில் வந்தது. களம் எங்கள் மணப்பாடு. வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் நடந்த மோதல், வியாபாரி கையில் சிக்கிய வாழ்க்கை, பிலோமி என்ற பெண்ணின் காதல் எல்லாம் அதில் இருந்தன. எழுதியவர் திருநெல்வேலிக்காரர். நம் கரை இவ்வளவு பெரிய இலக்கியமாக முடியும் என்று எனக்குத் தெரிந்தது அந்தப் புத்தகத்தில்தான். அதன் பிறகு எங்கள் மக்களில் ஒருவர் உள்ளிருந்தே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். தெற்கே உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004இல் ஆழி சூழ் உலகு நாவலைக் கொண்டு வந்தார். தமிழினி அதை வெளியிட்டது. 2009இல் கொற்கை, 2013இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. கடல்புரத்தில் நாவலுக்கும் ஆழி சூழ் உலகுக்கும் நடுவில் கழிந்த கால் நூற்றாண்டில் கடற்கரையிலிருந்து கதைகளே வரவில்லையா என்றால், வந்தன. தபால் கட்டில் நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல உள்ளே போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு சம்பவம். எங்கள் பக்கத்துக் கரையிலிருந்து ஓர் இளைஞர் அனுப்பிய கதை என் மேசைக்கு வந்தது. கொண்டல் காற்றில் கடல் நீரோட்டமான நீவாடு மாறிப் போய்க் கரை சேர முடியாமல் தவிக்கும் நான்கு பேரைப் பற்றியது. முன்னால் அணியத்தில் நிற்பவனுக்கும் பின்னால் துடுப்புப் பிடித்தவனுக்கும் நடக்கும் பேச்சு முழுவதும் எங்கள் பேச்சுத்தமிழ். மேலே இருந்தவர் படித்துவிட்டு, வாசகருக்குப் புரியாது, எல்லாவற்றையும் பொதுத் தமிழில் மாற்றி எழுதச் சொல்லுங்கள் என்றார். நான் அந்தக் கதையோடு அவர் அறைக்குப் போனேன். உரையாடலை அப்படியே விடுவோம், ஆசிரியர் கூற்றில் மட்டும் காற்றின் திசையும் படகின் பாகமும் வாசகர் ஊகிக்கும்படி ஒரு சொல் சேர்க்கச் சொல்லுவோம் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். நான் இளைஞருக்குக் கடிதம் எழுதினேன். அவர் நான்கு இடத்தில் மட்டும் தொட்டுத் திருப்பி அனுப்பினார். கதை வெளிவந்தது, கடலையே பார்த்திராத ஊர்களிலிருந்து வாசகர் கடிதங்கள் வந்தன.

அதிலிருந்து கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவருவது இதுதான். பேச்சைக் கழுவித் துடைக்காதே. ஆனால் உள்நாட்டு வாசகர் கையைப் பிடித்துக்கொள்ள அங்கங்கே ஒரு கம்பு நட்டு வை. அடைப்புக்குறி போட்டு அகராதி எழுத வேண்டாம், கதையின் செயலிலேயே பொருள் விளங்கட்டும். வலையை இழுப்பவன் கை எரிந்தால் வாசகருக்குக் காற்றின் பெயர் தெரியாமலே காற்று தெரிந்துவிடும். ஆசிரியர் திருத்தம் கேட்டால் எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது என்று யோசித்துப் பதில் எழுது. கோபித்துக்கொண்டு மௌனமாக இருந்துவிட்டால் இழப்பு கதைக்குத்தான். ஒரு கதைக்குத் திருத்தம் கேட்டு ஓர் ஆசிரியர் கடிதம் எழுதுகிறார் என்றாலே அவருக்கு அந்தக் கதையின் மேல் ஆசை இருக்கிறது என்று பொருள்.

காலம் மாறியதில் என் கண்ணெதிரே மாறியது எழுத்துரு. அச்சுக்கோப்பு போய்க் கணினி வந்ததும் கதைகள் வட்டுகளிலும் பின்னர் மின்னஞ்சலிலும் வரத் தொடங்கின. ஒருவர் பாமினியில் அடிப்பார், ஒருவர் வானவில்லில் அடிப்பார். எங்கள் கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். மாற்றி எடுத்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நிற்கும். படிக்க முடியாத கதையைச் சிரமப்பட்டுப் படிக்க எல்லா அலுவலகத்திலும் ஆள் இருப்பதில்லை. யூனிகோடு பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்று அனுப்புகிறவர்கள் யூனிகோடு கோப்பும் அதன் பிடிஎஃப் படியும் சேர்த்து அனுப்பினால் போதும். கதையை மின்னஞ்சலின் உடலில் ஒட்டி, தலைப்போ பெயரோ இல்லாமல், கைப்பேசியில் எடுத்த தாள்களின் படத்தோடு அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய காலத்தில் கடைசித் தாளில் முகவரி எழுதாதவர்களின் நிலைதான் அவர்களுக்கும்.

வேகம் கூடியதில் பொறுமை குறைந்தது. காலையில் அனுப்பிவிட்டு மாலையில் ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். ஒரே கதையை ஐந்து இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். இரண்டு இதழில் ஒரே மாதம் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் அடுத்த கதையைத் திறக்க மாட்டார்கள். இது என் சொந்தக் கதை, வேறெங்கும் வெளிவரவில்லை, வேறெங்கும் அனுப்பவில்லை என்று எழுதிக் கையெழுத்திடுவது வெறும் சடங்கில்லை. மூன்று மாதம் பொறுக்கலாம். பிறகு ஒரு வரி எழுதிக் கேட்கலாம். பதில் இல்லையென்றால் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். அந்த மூன்று மாதத்தில் அடுத்த கதையை எழுதியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இதழ்களும் குறைந்துவிட்டன. தீபம் 1988இல் நின்றது. 1991 முதல் கோமல் சுவாமிநாதன் நடத்திய சுபமங்களா அவரோடு 1995இல் முடிந்தது. 1941இல் தொடங்கிய கல்கியின் அச்சு இதழ் 2020இல் நின்று இணையத்துக்குப் போனது. காலச்சுவடு, உயிர்மை போன்றவை இருக்கின்றன, இணைய இதழ்கள் நிறைய வந்திருக்கின்றன. இணைய இதழில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே நீளக் கதைக்கு மறுபடி வாழ்வு வந்திருக்கிறது. முதல் கதையை அங்கே அனுப்புவதில் குறைவு ஒன்றுமில்லை. யார் ஆசிரியர், எதைத் திருப்புகிறார்கள் என்று பாருங்கள். எதையும் திருப்பாத இதழில் வருவதால் உங்கள் எழுத்துக்கு எதுவும் கூடாது.

அடுத்தது புத்தகம். இதழில் நான்கு கதை வந்ததும் தொகுப்புப் போட ஆசை வரும். பதிப்பாளர்கள் புதியவரின் சிறுகதைத் தொகுப்பை எடுக்கத் தயங்குவார்கள், நாவலுக்கு இருக்கும் விற்பனை சிறுகதைக்கு இல்லை. முன்பு நூலக ஆணையை நம்பி 1,000 பிரதி அடித்தார்கள். ஆணை தாமதமாகும் ஆண்டுகளில் முதலில் நிற்பது புதியவரின் புத்தகம்தான். இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறு அச்சிட முடிகிறது. அதைப் பயன்படுத்தி எழுத்தாளரிடமே பணம் வாங்கி அச்சிட்டுக் கொடுக்கும் நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. எங்கள் கரையிலேயே கடன் வாங்கிப் பணம் கட்டி, கட்டுக்கட்டாகப் புத்தகத்தை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்தக் கரை அச்சுக்குப் பணம் கொடுத்த வரலாறு பழையது. புன்னைக்காயலில் இருந்து பணிசெய்த அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அவருடைய அச்சு முயற்சிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பொருளுதவி செய்தார்கள். ஒரு சமூகமே சேர்ந்து, எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று கொடுத்த பணம் அது. வாசகரே இல்லாத ஒரு புத்தகத்துக்காக ஒரு பையன் தனியாகக் கடன்படுவது அந்த மரபில் சேராது. பதிப்பாளர் கதையை நம்பினால் அவர் பணம் போடட்டும். நம்பவில்லையென்றால் இன்னும் இரண்டு ஆண்டு எழுதலாம், கதைகள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப்படியைக் கொடுக்காதீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லையென்றால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதியவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு உரிமை நீடிக்கும். தமிழில் வழக்கமாகப் பேசப்படும் உரிமைத்தொகை விலையில் 10 சதவீதம். மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிப்புத்தகம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதல் புத்தகம் என்ற கூச்சத்தில் இதையெல்லாம் கேட்காமல் விட்டவர்கள், ஐந்தாம் புத்தகம் வரும்போது முதல் புத்தகத்தைத் தேடி அலைகிறார்கள்.

கடைசியாக இந்தக் கரையின் எழுத்தாளர்களுக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. மூச்சை அடக்கி மூழ்கியவர்களில் இன்னும் இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்கள் பேச்சை நேரில் கேட்டு எழுத நமக்கு அதிக காலம் இல்லை. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது, அந்த மாற்றத்துக்கு நடுவில் வாழ்கிறவர்கள் நாம்தான். ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்ற பெண்கள், ஓலைப் பெட்டி முடையும் பெண்கள் எழுதிய கதை என் தபால் கட்டில் அபூர்வமாகவே வந்தது. வந்தபோதெல்லாம் அது தேறியது. எழுதுங்கள். எழுதியதை ஒரு வாரம் கழித்து உரக்கப் படித்துப் பார்த்து, முதல் இரண்டு பக்கம் தேவையா என்று கேளுங்கள். நீங்கள் மதித்து வாசிக்கும் ஓர் இதழுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தால் ஒரு முறை படித்துவிட்டு அதற்கேற்ற அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். கடைசித் தாளில் பெயரும் முகவரியும் எழுத மறக்காதீர்கள்.